கனத்த வண்ணம், விரைந்த கை

ஹான்ஸ் ஹார்டுங் 1950களில் தீட்டிய ஓவியங்களைப் பார்ப்பவர்கள் அவை ஒரே மூச்சில் வீசப்பட்டவை என்றே நினைப்பார்கள். கருங்கோடுகள் பாய்கின்றன, முறிகின்றன, கற்றையாகத் திரள்கின்றன. உண்மையில் அவர் சிறிய தாளில் வேகமாக ஒன்றை வரைவார். பிறகு அதற்குக் கட்டம் போட்டு, பெரிய கித்தானில் பிசகாமல் பெருக்கி எழுதுவார். 1960 வரை பெரிய ஓவியங்களுக்கு அவர் கையாண்ட வழி இதுதான். நியூயார்க்கில் ஃப்ரான்ஸ் க்ளைனும் தொலைபேசிப் புத்தகத் தாள்களில் போட்ட சிறு வரைவுகளிலிருந்து தன் பெரிய கறுப்பு வெள்ளை ஓவியங்கள் பலவற்றைக் கட்டி எழுப்பினார்.

இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். கையசைவைப் பற்றி நாம் வாசித்துவந்த கதைதான் திருத்தப்பட வேண்டியது. 1952 டிசம்பரில் ‘ஆர்ட் நியூஸ்’ இதழில் விமர்சகர் ஹெரால்டு ரோசன்பெர்க் எழுதிய கட்டுரை, கித்தானைச் செயல் நிகழும் களமாகக் கண்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஹான்ஸ் நமூத் எடுத்த புகைப்படங்களில், தரையில் விரித்த கித்தானைச் சுற்றி நடந்தபடி ஜாக்சன் பொலாக் வண்ணத்தைச் சொட்டவிடுகிறார். ஓவியம் என்பது உடல் விட்டுச்சென்ற தடம் என்ற எண்ணம் இவற்றால் நிலைபெற்றது. மெல்லிய வண்ணத்துக்கு அது ஓரளவு பொருந்தும். வண்ணம் தடிக்கத் தொடங்கினால் பொருந்தாது. தடித்த வண்ணத்துக்கென்று ஒரு காலம் உண்டு. அது கையின் காலத்தோடு ஒத்துப்போவதில்லை.

காரணம் எண்ணெயில் இருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் நீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. ஆகவே பாலில் ஆடை படிவதுபோல் மேற்பரப்பு முதலில் தோலாகிவிடும். அடியில் உள்ளது நெடுங்காலம் கூழாகவே கிடக்கும். மேலே சுருக்கம் விழும், வெடிக்கும், சில வேளை தன் எடை தாங்காமல் வழியும். ஓவியர் கையை எடுத்த பிறகும் ஓவியம் அசைந்துகொண்டிருக்கிறது.

ஐரோப்பாவில் இந்தக் கனத்தை முதலில் அர்த்தமுள்ளதாக்கியவர் ஜான் ஃபோத்ரியே என்பது என் கணிப்பு. போர்க்காலத்தில் அவர் பாரிஸ் புறநகரான ஷாத்தனே மலப்ரியில் ஒரு மருத்துவ விடுதியில் ஒளிந்திருந்தார். அருகிலிருந்த காட்டில் ஜெர்மானியர்கள் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நாட்களில் பிறந்தது ‘பிணையாளிகள்’ வரிசை. 1945இல் ரனே துரூவன் கூடத்தில் அது காட்சிக்கு வந்தது. கித்தானில் ஒட்டிய தாள்மீது வெள்ளைச் சாந்தைக் கரண்டியால் அப்பி, அதன்மேல் வண்ணப் பொடியை மெல்லத் தூவியிருந்தார். முகம் என்று சொல்ல முடியாத முகங்கள். அங்கே பாயும் கோடில்லை, ஆவேசமில்லை. இருப்பது காயத்தின் மேடு. 1960 வெனிஸ் ஈராண்டு விழாவில் ஓவியத்துக்கான பெரும்பரிசை ஃபோத்ரியேயும் ஹார்டுங்கும் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் கனம், மற்றவர் வீச்சு.

இரண்டும் ஓர் உடலில் கூடியது ஜப்பானில். கசுவோ ஷிராகா கியோத்தோவில் மரபான ஜப்பானிய ஓவியம் பயின்றவர். 1954 வாக்கில் தூரிகையைக் கைவிட்டு, மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் கிடக்கும் வண்ணக் குவியல்மேல் பாதங்களால் சறுக்கினார். அவர் சேர்ந்திருந்த குடாய் கலைக்குழுவின் 1955ஆம் ஆண்டு டோக்கியோ கண்காட்சியில் சேற்றுக்குள் இறங்கிப் புரண்டார். காட்சி பரபரப்பானது; எனக்குப் பெரிதாகப்படுவது பாத ஓவியங்கள்தான். அத்தனை எடையுள்ள வண்ணத்தைக் கை அப்படித் தள்ள முடியாது. பாதம் வழுக்குகிறது, கயிறு விழாமல் காக்கிறது. வண்ணத்தின் எதிர்ப்பு அந்தத் தடத்திலேயே பதிகிறது. 1971இல் அவர் தெண்டாய் பௌத்தத் துறவியானார். பின்னரும் பாதங்களால் தீட்டுவதைத் தொடர்ந்தார்.

கியூபெக்கின் ஜான்-பால் ரியோபெல் பேலட் கத்தியால் அடுக்கிய 1950களின் ஓவியங்கள் அழகானவை. ஆனால் அந்த அழகு சீக்கிரமே பழகிவிடுகிறது.

பழகாத ஓவியம் ஜே டிஃபியோவின் ‘ரோஜா’. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் தெருக் குடியிருப்பில் 1958இல் தொடங்கினார். அப்புவார், செதுக்குவார், சுரண்டி எடுப்பார், மறுபடி அப்புவார். ஒரு மையத்திலிருந்து விரியும் கதிர்களுக்குள் மரத்துண்டுகளும் மைக்காவும் புதைந்தன. முடிவில் சுமார் 11 அடி உயரம், சில இடங்களில் 11 அங்குலத் தடிப்பு, ஒரு டன்னுக்கு மேல் எடை. 1965 நவம்பரில் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தபோது சன்னல் சுவரை வெட்டித்தான் அதை வெளியே இறக்கினார்கள். நண்பர் புரூஸ் கானர் அதைப் படமாக்கினார். 1969இல் காட்சிக்கு வைக்கப்பட்ட ஓவியம் பிறகு ஒரு கலைக்கல்லூரிக் கூடத்தில், தற்காலிகச் சுவருக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் மறைந்து கிடந்தது. டிஃபியோ 1989இல் இறந்தார். 1995இல் விட்னி அருங்காட்சியகம் அதை மீட்டுச் சீராக்கியது. ஒரே அசைவைப் பல ஆண்டுகள் நீட்டினால் என்ன ஆகும் என்று அந்த ஓவியம் காட்டுகிறது. கையசைவு ஓவியத்தின் வரலாற்றில் பொலாக்குக்குச் சமமான இடம் இவருக்கு உண்டு. வெகுகாலம் அது தரப்படவில்லை.

இந்திய ஓவியர்களில் இந்தத் தடிப்பைப் பாரிஸிலிருந்து கையாண்டவர் ரஸா. 1950களில் அவர் வரைந்த பிரெஞ்சுக் கிராமங்கள் கத்தியால் இழுத்த வண்ணத்தில் எழுந்தவை. 1962இல் பெர்க்லியில் கற்பிக்கச் சென்றபின் வீடுகளும் கோபுரங்களும் கரைந்து அசைவு மட்டும் மிஞ்சத் தொடங்கியது.

தமிழில் ஓவியர் ஆதிமூலத்தைக் காந்தி கோட்டோவியங்கள் வழியாகவும் சிறுபத்திரிகை அட்டைகள் வழியாகவும் அறிந்தவர்களே அதிகம். பின்னாளில் எண்ணெய் வண்ணத்தில் அவர் செய்த அரூபங்களில் அந்தக் கோடு விலகிவிட்டது. வண்ணப் பரப்புகள் ஒன்றோடொன்று உரசி நிற்கின்றன. அச்சில் பார்த்தால் நிறம் மட்டுமே வந்து சேரும், பரப்பின் மேடு பள்ளம் வராது. நம் விமர்சனம் அவற்றை வெளி, நிலம் என்ற சொற்களால் பேசியிருக்கிறது. எந்தக் கருவியால் வண்ணம் வைக்கப்பட்டது, கீழ் அடுக்கு எவ்வளவு காய்ந்தபின் மேல் அடுக்கு வந்தது, எங்கே சுரண்டப்பட்டது என்ற கேள்விகளை அரிதாகவே எழுப்பியது. அவர் 2008இல் மறைந்தார். உடன் வேலை செய்தவர்களிடம் இவற்றைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். கித்தான்களைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து அதனுடன் சேர்க்க வேண்டும்.