மதிப்பெண் எந்தக் கேபினுக்கு?

அமெரிக்காவில் பிக்கப் வாங்குபவர் விளம்பரத்தில் மாடலின் பெயரையும் பாதுகாப்பு மதிப்பெண்ணையும் பார்க்கிறார். மோதல் சோதனையில் நொறுங்கியது எந்தக் கேபின் என்று அவர் பார்ப்பதில்லை. 2015 மாடலாக வந்த அலுமினிய உடல் ஃபோர்டு எஃப்-150 இந்த ஓட்டையை அம்பலமாக்கியது.

காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் அங்கே 2012-இல் ஒரு கடுமையான சோதனையைக் கொண்டுவந்தது. வண்டி மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் போய், முகப்பின் கால் பங்கு மட்டும் அசையாத தடுப்பில் படும்படி இடிக்க வேண்டும். பிக்கப்பின் பலமெல்லாம் சேசிஸின் இரு நீளச் சட்டங்களில் இருக்கிறது. ஓரத்தில் விழும் அடி அந்தச் சட்டங்களுக்கு வெளியே போய்விடும். முன்சக்கரம் பின்னால் தள்ளப்பட்டு, ஓட்டுநர் கால் வைக்கும் இடத்துக்குள் புகும்.

இந்தச் சோதனையில் எஃப்-150-இன் பெரிய நான்கு கதவு கொண்ட சூப்பர்குரூ கேபின் 'நன்று' வாங்கியது. அதே எஃப்-150-இன் சிறிய பின்கதவு கொண்ட சூப்பர்கேபுக்குக் கிடைத்தது கடைசிக்கு முந்தைய படியான 'சுமார்'. அதில் ஸ்டீயரிங் தண்டு ஏறத்தாழ 20 செ.மீ. பின்னால் வந்தது. ஓட்டுநர் இருக்கையில் வைத்த சோதனைப் பொம்மையின் தலை ஏர்பேக்கில் சரியாகப் பதியாமல் இடப்பக்கம் வழுக்கி டேஷ்போர்டில் இடித்தது. காரணம் ஒன்றும் மர்மமில்லை. சூப்பர்குரூவில் முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சேசிஸோடு சேர்த்துத் தடுப்பிரும்புகள் வைத்திருந்தார்கள். சூப்பர்கேபில் வைக்கவில்லை. எந்தக் கேள்வி வரும் என்று தெரிந்த மாணவன் அந்தப் பாடத்தை மட்டும் படித்த கதைதான். சட்டமீறல் இல்லை; இந்தச் சோதனை அரசு விதித்ததல்ல. ஆனால் நேர்மையும் இல்லை.

இருந்தும் சோதனை முறையைக் குறை சொல்லி ஒதுக்கிவிட முடியாது. முடிவு வெளியானதும் 2016 மாடலில் எல்லாக் கேபின்களுக்கும் தடுப்பிரும்பு வந்தது, சூப்பர்கேபும் 'நன்று' ஆனது. கழகமும் மற்ற பெரிய பிக்கப்புகளை இரு கேபின் வகைகளிலும் இடித்துப் பார்த்தது. அங்கே நிலைமை தலைகீழ்: செவ்ரோலே சில்வராடோ, டொயோட்டா டன்ட்ரா இரண்டிலும் பெரிய கேபின்தான் ஒரு படி கீழே போனது. பெரிய கேபின் என்றால் பத்திரம் என்ற நினைப்பு அத்தோடு போயிற்று. அசையாத தடுப்பில் மோதும்போது வண்டியின் சொந்த எடையே அதற்கு எதிரி.

குறை வேறிடத்தில் இருக்கிறது. எதை அளக்கிறார்களோ அதுதான் திருந்துகிறது. 2012-இல் தொடங்கிய சோதனை ஓட்டுநர் பக்கத்துக்கு மட்டுமானது. பக்கத்து இருக்கைக்காரருக்கு 2017 வரை மதிப்பெண் கிடையாது. பின்னிருக்கைக்கும் பொம்மை வைத்து முன்மோதலை மதிப்பிடத் தொடங்கியது 2022-இல்தான். குடும்பம் ஏற்றத்தான் பின்கதவைப் பெரிதாக்கினார்கள் என்பதை நினைத்தால் இந்தத் தாமதம் உறுத்துகிறது. எதிரில் நடந்து வருபவரை இந்தத் தடுப்புச் சோதனை கணக்கிலேயே எடுப்பதில்லை. 2023-இல் அதே கழகம் வெளியிட்ட ஆய்வின்படி, 40 அங்குலத்துக்கு மேல் பானெட் உயர்ந்த வண்டி மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு, தாழ்ந்து சரிந்த முகப்புள்ள வண்டியைவிட ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம். கேபினுக்குள் 'நன்று' வாங்கிய வண்டி தெருவிலும் நல்லது என்று சொல்ல இந்த மதிப்பெண்ணுக்கு அருகதையில்லை.

விளம்பரத்தில் மதிப்பெண்ணைப் போடும் நிறுவனம், அது எந்தக் கேபினுக்கு, எந்த இருக்கைக்கு என்பதையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். அதுவரை வாங்குபவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.