கைப்பேசியில் தோன்றும் எண்: மதிப்பெண்ணா, தேர்ச்சிக் குறியா?

உங்கள் கைப்பேசியில் *#07# என்று அழுத்திப் பாருங்கள். இந்தியாவில் விற்பனையாகும் பெரும்பாலான கைப்பேசிகளில் 'எஸ்.ஏ.ஆர்.' என்ற பெயருடன் ஓர் எண் தோன்றும். எண் குறைவாக இருந்தால் கைப்பேசி பாதுகாப்பானது என்று பலர் நம்புகின்றனர். இது சரிதானா?

கைப்பேசி வெளியிடும் ரேடியோ அலைகளின் ஆற்றலில் ஒரு பகுதியை நம் உடல் உட்கவர்கிறது. அது வெப்பமாக மாறுகிறது. ஒரு கிலோகிராம் திசு ஒரு வினாடியில் உட்கவரும் ஆற்றலையே இந்த எண் குறிக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் இதன் வரம்பு கிலோகிராமுக்கு 1.6 வாட்; இது 1 கிராம் திசுவில் எடுக்கும் சராசரி. ஐரோப்பாவில் வரம்பு 2 வாட். சராசரியோ 10 கிராம் திசுவில். பெரிய பரப்பில் சராசரி எடுத்தால் ஓரிடத்தில் குவியும் வெப்பம் கணக்கில் கரைந்துவிடும். ஆகவே நம் விதி இருவகையிலும் கடுமையானது, பாராட்டத்தக்கது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சோதனைக்கூடத்தில் தலையின் வடிவமுள்ள கூட்டில், திசுவைப் போன்ற மின்பண்புகள் உள்ள திரவத்தை நிரப்புகிறார்கள். கைப்பேசியை உச்சத் திறனில் இயக்கி, உணர்கருவியால் அளக்கிறார்கள். கிடைக்கும் மிகப் பெரிய அளவே சான்றில் இடம்பெறுகிறது.

ஆனால் உங்கள் கையில் அது எப்போதும் உச்சத் திறனில் இயங்குவதில்லை. கோபுரத்துடன் நல்ல தொடர்பு இருந்தால் தன் திறனைக் குறைத்துக்கொள்ளும். தொடர்பு நலிந்தால் கூட்டிக்கொள்ளும். எனவே 0.6 என்று காட்டும் கைப்பேசி, சிக்னல் இல்லாத அறையில், 1.2 காட்டும் கைப்பேசி வெட்டவெளியில் தருவதைவிட மிகுதியான ஆற்றலைத் தரக்கூடும். பேருந்தின் உச்ச வேகம் தெரிந்தால், அது இப்போது எவ்வளவு வேகத்தில் போகிறது என்று சொல்லிவிட முடியுமா?

ஆகவே இந்த எண் வரம்பைத் தாண்டவில்லை என்பதற்கான தேர்ச்சிக் குறியே தவிர, தர வரிசைக்கான மதிப்பெண் அன்று. திரையில் எண் வருகிறது. அதன் பொருள் பெரும்பாலும் வருவதில்லை. கையேட்டில் எச்சரிக்கைகளை அச்சிட்டால் மட்டும் போதுமா? எத்தனை பேர் கையேட்டைப் பிரிக்கிறார்கள்? 'இது உச்சத் திறனில் அளந்தது, வரம்பு 1.6' என்று எண்ணுக்குக் கீழே தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் இரண்டு வரிகள் சேர்ப்பது பெரிய செலவன்று.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது எளிது. எண்ணை ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். சிக்னல் குறைந்த இடத்தில் பேச்சைச் சுருக்குங்கள். அல்லது காதணி ஒலிவாங்கியைப் பயன்படுத்தி, கைப்பேசியைத் தலையிலிருந்து சற்றே விலக்கி வையுங்கள். தொலைவு கூடக்கூட, உடல் உட்கவரும் ஆற்றல் விரைந்து குறையும்.