ஃபிரேமை வெட்டும் முன்

திருமங்கலத்தில் கொல்லம் நெடுஞ்சாலையைப் பிடித்து, டி.கல்லுப்பட்டியில் மேற்கே திரும்பிப் பேரையூருக்குள் நுழைகிறவர் வழியில் பார்க்கும் பழைய சைக்கிள்களில், கம்பெனி அனுப்பிய உருவத்திலேயே இருப்பவை குறைவு. பால்காரர் வண்டியின் கேரியருக்கு இருபுறமும் கேன் தொங்க இரும்புக் கொக்கி பத்தவைத்திருக்கும். தண்ணீர் எடுக்கும் வண்டியில் குடம் உட்காரக் கம்பி வளையம் இருக்கும். சாணை பிடிப்பவர் பின்சக்கரத்தின் ஓட்டத்தைப் பெல்ட் போட்டுக் கல்லுக்குத் திருப்பியிருப்பார். இவற்றில் எதற்கும் வரைபடம் கிடையாது. பட்டறைக்காரரும் வண்டிக்காரரும் நின்றபடியே பேசி முடித்த வேலைகள் இவை.

இந்தக் கைவேலை மரபின் மேல் இப்போது வேறொரு ஆசை வந்து உட்கார்ந்திருக்கிறது. பழைய பார் சைக்கிளை வீட்டு முற்றத்தில் பிரித்துப் போட்டு, அகல டயர், பின்னோக்கி வளைந்த நீண்ட ஹேண்டில் பார், தாழ்ந்த சீட், வளைந்த குழாய் என்று குரூசராக மாற்றும் ஆசை. கையடக்க இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினும் கிரைண்டரும் எளிதாகக் கிடைப்பதால், முன்பு பட்டறைக்குப் போக வேண்டியிருந்த வேலையை வீட்டிலேயே செய்துவிடலாம் என்ற துணிவும் கூடியிருக்கிறது. நல்ல துணிவுதான். ஆனால் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்ற கணக்கு இல்லாமல் அந்தத் துணிவு கிரைண்டரை எடுத்தால், ஓடிக்கொண்டிருந்த நல்ல வண்டி ஒன்று ஊருக்குக் குறையும்.

குரூசரின் பிறப்பிடம் சிகாகோ. அங்கிருந்த ஷ்வின் நிறுவனம், அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த 1933-இல், 2.125 அங்குல அகல டயர் போட்ட சைக்கிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. குண்டும் குழியுமான சாலையில் அதிர்ச்சியைத் தாங்கும் டயர், நிமிர்ந்து உட்காரும் வாகு, பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் நிற்கும் பிரேக் ஆகியவை அதன் அடையாளங்கள் ஆயின. பின்னாளில் கலிபோர்னியாச் சிறுவர்கள் தங்கள் வண்டிகளில் உயர்ந்த ஹேண்டில் பாரையும் நீள சீட்டையும் தாங்களாகவே மாட்டிக்கொள்ளத் தொடங்க, அதைக் கவனித்த ஷ்வின் 1963-இல் ஸ்டிங்-ரே என்ற வண்டியை வெளியிட்டது. முற்றத்தில் நடந்த சோதனையிலிருந்து தொழிற்சாலை பாடம் படித்தது.

அதைவிடப் பெரிய பாடம் அதே கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் கிடைக்கிறது. 1970-களில் கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, ஜோ பிரீஸ் போன்ற இளைஞர்கள் முப்பது நாற்பது ஆண்டுப் பழமையான ஷ்வின் குரூசர்களைத் தேடி வாங்கி மலைப்பாதையில் இறக்கினார்கள். 1976-இல் தொடங்கிய அவர்களுடைய இறக்கப் பந்தயத்தில், ஒரே ஓட்டத்தில் பின்சக்கரப் பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்து போகும்; திரும்ப நிரப்பினால்தான் அடுத்த ஓட்டம். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலில் டிரம் பிரேக், மோட்டார் சைக்கிளின் பிரேக் லீவர், கியர் என்று திருகி மாட்டக்கூடியவற்றை மாற்றினார்கள். பழைய ஃபிரேம் அதற்கு மேல் தாங்காது என்று தெரிந்தபோது, அதை வெட்டி ஒட்டவில்லை. 1977-இல் ஜோ பிரீஸ் தரமான குரோமோலி உருக்குக் குழாய்களைக் கொண்டு முற்றிலும் புதிய ஃபிரேமைக் கட்டினார். இன்றைய மவுண்டன் பைக்கின் மூதாதை அது. அந்த வரிசையைத்தான் பேரையூர்ப் பட்டறையும் கைக்கொள்ள வேண்டும்.

இந்த ஊரின் மண்ணுக்கும் காற்றுக்கும் குரூசர் எப்படிப் பொருந்தும்?

பொருத்தத்தை முதலில் சொல்லலாம். பேரையூரைச் சுற்றி நிலம் பெரும்பாலும் சமவெளி. மேற்கே சாப்டூர் தாண்டி மலையடிவாரம் வரை கியர் இல்லாத வண்டியே போதும். தோட்டத்துப் பாதையிலும் கண்மாய்க் கரையிலும் ஒன்றரை அங்குல டயர் மணலில் புதையும் இடத்தில், இரண்டு அங்குல டயர் மிதந்து போகும். முதுகுவலிக்காரருக்கு நிமிர்ந்த இருக்கை பெரிய ஆறுதல். இன்னொரு நன்மை கணக்கில் தெரிவது. வழக்கமான பார் சைக்கிளில் 44 பல் கிராங்கும் 18 பல் ஃபிரீவீலும் இருந்தால், 28 அங்குலச் சக்கரம் ஒரு மிதிச் சுற்றுக்குச் சுமார் 5.5 மீட்டர் போகும். 26 அங்குல அகல டயருக்கு மாறினால் அது 5.1 மீட்டராகக் குறையும். ஓட்டம் சற்றுக் குறைந்தாலும் மிதிப்பு இலகுவாகும். இருபது கிலோ வண்டியில் சுமையோடு கிளம்புகிறவருக்கு அந்த வித்தியாசம் முழங்காலில் தெரியும்.

பொருந்தாதவையும் உண்டு. கரிசல் மண் மழையில் நனைந்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு மட்கார்டுக்குள் இறுகும். அகல டயர் போட்டதும் அந்த இடைவெளி இன்னும் சுருங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வயல்பாதையில் போகும் வண்டி நாலு எட்டில் நின்றுவிடும். தோளில் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். மட்கார்டைக் கழற்றிவிடுவது புகைப்படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் பின்னால் ஒளி காட்டும் சிவப்பு வில்லையும் பெரும்பாலும் அதோடு போய்விடுகிறது. இரவில் லாரியும் பேருந்தும் ஓடும் நெடுஞ்சாலையில் அது உயிர் விவகாரம். சீமைக்கருவேல முள்ளும் இங்கே கணக்கில் வர வேண்டும்: மண்ணில் அதிக அகலம் படும் டயருக்கு முள் குத்தும் வாய்ப்பும் அதிகம். பிறகு ஆடிக் காற்று. குனிந்து மிதிக்கிறவரே திணறும் எதிர்காற்றில், நெஞ்சை நிமிர்த்தி அகலக் கைப்பிடியில் கைவிரித்து உட்காரும் குரூசர்காரர் காற்று முழுவதையும் உடம்பில் வாங்கிக்கொள்கிறார்.

இவை அனைத்தும் சமாளிக்கக்கூடிய குறைகள். சமாளிக்க முடியாதவை அளவுகளில் ஒளிந்திருக்கின்றன.

பார் சைக்கிளின் 28 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். குரூசர் டயருக்கான 26 அங்குல ரிம்மில் அது 559. ஆரத்தில் 38 மில்லிமீட்டர் வித்தியாசம். பழைய ராடு பிரேக்கின் கட்டைகள் ரிம்மைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும் என்பது இதன் முதல் விளைவு. டயரின் பருமன் கொஞ்சம் ஈடுகட்டினாலும், வண்டியின் மொத்த உயரம் 24 மில்லிமீட்டர் இறங்கும். திருப்பத்தில் பெடல் தரையில் இடிக்கும் என்பது இரண்டாவது விளைவு. பின்சக்கரத்தை அணைத்துப் பிடிக்கும் இரண்டு குழாய்களுக்கு நடுவே 54 மில்லிமீட்டர் டயருக்கு இடம் போதாமல் போவது மூன்றாவது. இந்த மூன்றாவது சிக்கல் வந்ததும்தான் பலருடைய கை கிரைண்டரைத் தேடுகிறது.

பிரேக் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பளபளக்கும் குரோம் பூச்சு ரிம், மழையில் நனைந்தால் பிரேக் பிடிப்பைப் பெருமளவு இழக்கும். மரின் இளைஞர்கள் டிரம் பிரேக்குக்குப் போனதற்கு அடிப்படைக் காரணம் நிற்க முடியாத வண்டியை ஓட்டிப் பார்த்த அனுபவம். அழகுக்காக முன்பிரேக்கையே எடுத்துவிட்டு, பின்பிரேக்கை மட்டும் நம்பி ஓடும் வண்டி எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அது முடிக்கப்படாத வேலை.

முன் போர்க்கை நீட்டுவது இன்னொரு மோகம். போர்க் ஓர் அங்குலம் நீண்டால் வண்டியின் தலை ஒரு பாகைக்கு மேல் பின்னுக்குச் சாயும். சாயச் சாய, மெதுவாகப் போகும்போது முன்சக்கரம் தானாக ஒரு பக்கம் விழப் பார்க்கும். சந்தைத் தெருவில் ஆள்களுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது அது தெரியும். பிரிட்டனில் 1970-களில் பெரும்புகழ் பெற்ற ராலே சாப்பர் வண்டியே, பின்னால் கவிழும் என்ற குறைக்காக 1972-இல் சீட்டை முன்னே தள்ளி மறுவடிவம் பெற்றது. பொறியாளர்களும் சோதனைக்கூடமும் வைத்திருந்த நிறுவனத்துக்கே அந்த நிலை.

வெல்டிங்தான் எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி. பழைய ஃபிரேம்களில் குழாய்களை உறைக்குள் செருகி, வெண்காரம் தூவி, பித்தளையை உருக்கி ஊற்றி இணைத்திருப்பார்கள். குழாயின் உருக்கு அதில் உருகுவதில்லை. மெல்லிய குழாயை அந்த முறை காப்பாற்றிவிடுகிறது. வீட்டு கேட்டும் ஜன்னல் கம்பியும் ஒட்டிப் பழகிய ஆர்க் வெல்டிங் கை அதே குழாயில் பட்டால், ஒன்று ஓட்டை விழும், இல்லை மேலே மட்டும் ஒட்டி உள்ளே பிடிக்காமல் போகும். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கேட் உடைந்தால் சாய்ந்து நிற்கும். ஓடும் வண்டியின் தலைப்பகுதி உடைந்தால் ஓட்டுகிறவர் முகம் தரையில் படும். பழைய தண்ணீர்க் குழாயை வளைத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை: ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகி மூச்சில் போனால் அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். பூச்சை முழுதும் தேய்த்து எடுக்காமல், காற்றோட்டம் இல்லாத அறையில் அந்த வேலையைத் தொடக்கூடாது.

நேரான பாரை வெட்டி வளைந்த குழாய் வைக்கத் துடிப்பவர்கள் புதுக்கோட்டையை நினைத்துப் பார்க்கலாம். 1990-களின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னெடுத்த அறிவொளி இயக்கத்தில் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். ஆண்கள் ஓட்டும் பார் வண்டியையே விரும்பிய பெண்களும் அவர்களில் இருந்தார்கள். குறுக்குப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது காரணம். பார்வைக்கு முரடாகத் தெரியும் அந்த ஒற்றைக் குழாய் சுமை தூக்குகிறது, ஃபிரேமை முறுக்காமல் பிடிக்கிறது, ஒரு பிள்ளைக்கு இருக்கையாகவும் இருக்கிறது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் வீட்டுப் பட்டறைக்கே ஆதரவாகப் பேச வேண்டியிருக்கிறது. அதன் நன்மை செய்து முடித்த வண்டியோடு முடிவதில்லை. கோன் இறுக்கி, பால்ஸ் மாற்றி, போக்ஸ் கம்பி கட்டி, கோட்டம் எடுக்கக் கற்றவருக்கு இயந்திரம் பற்றிய அச்சம் போய்விடுகிறது. அந்த அறிவு நெருக்கடியில் எதைச் செய்யும் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1990-களில் மின்சாரமும் எரிபொருளும் தடைபட்ட காலத்தில், அங்கே சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். பீகாரின் கிழக்குச் சம்பாரணில், 1975 வெள்ளத்துக்குப் பின் முகமது சைதுல்லா தண்ணீரில் மிதந்து போகும் சைக்கிளைக் கட்டினார். தேசியப் புத்தாக்க நிறுவனம் 2005-இல் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது அளித்தது. பேரையூருக்குப் பக்கத்திலேயே, டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த ஜே.சி.குமரப்பா, பொருளை உண்டாக்கும் கையும் பயன்படுத்தும் கையும் அருகருகே இருக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். தன் சைக்கிளைத் தானே கட்டுகிறவர் அந்த வாதத்தின் பக்கம் நிற்கிறார்.

மூலப்பொருளுக்கும் பஞ்சமில்லை. தமிழக அரசு 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குத் தொடங்கி, 2005-06 முதல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரித்த விலையில்லா மிதிவண்டிகள் எத்தனையோ வீடுகளில் பள்ளிப்படிப்பு முடிந்ததும் சுவரில் சாய்ந்து துருப்பிடிக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு ஹேண்டில் பார், சீட், பிரேக், ஃபிரேமில் இடம் இருக்கிற அளவுக்கு அகலமான டயர், நல்ல கேரியர், விளக்கு ஆகியவற்றை மாற்றினாலே குரூசரின் சுகத்தில் பெரும்பங்கு கிடைத்துவிடும். எதுவும் வெட்டப்படாததால், பிடிக்கவில்லை என்றால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

வளைந்த ஃபிரேம்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், பழையதை வெட்டாமல் புதுக் குழாயில், பித்தளைப் பத்தவைப்புத் தெரிந்த கையை அருகில் வைத்துக்கொண்டு கட்டுவதே முறை. முடித்ததும் சுமை ஏற்றி ஒரு மாதம் ஊருக்குள்ளேயே ஓட்டி, தலைப்பகுதி இணைப்பில் பெயின்ட் மயிரிழையாகக் கீறுகிறதா என்று வாரந்தோறும் துடைத்துப் பார்க்க வேண்டும். விரிசல் முதலில் அங்கேதான் முகம் காட்டும்.

இதில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் பங்கு இருக்கிறது. மதுரை கே.புதூர் ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் வெல்டிங் கற்றுத்தரும் ஆசிரியர்கள், மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கிராமத்து இளைஞர்கள் கொண்டுவரும் ஃபிரேம்களை வாங்கிப் பார்த்து, இணைப்பு சரியா தவறா என்று சொல்ல முன்வரலாம். தவறிப்போன துண்டொன்றை அறுத்து உள்ளே காட்டினால், எத்தனை காணொளி பார்த்தாலும் விளங்காதது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். அதுவரை பேரையூரில் கிரைண்டரை எடுக்கும் ஒவ்வொருவரும், தன் தெருவில் நாற்பது ஆண்டு கோட்டம் எடுத்த சைக்கிள் கடைக்காரரிடம் ஃபிரேமை ஒருமுறை காட்டிவிட்டு வெட்டட்டும்.