காதும் கருவியும்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம் ஆனால் அதிகம். ஆயினும் சென்ற மார்கழியில் ஒரே பாட்டை இவ்விரண்டு ஊர்களிலும் கேட்டபோது, நடுவில் ஒரு மலையே நிற்பதுபோல் எனக்குத் தோன்றிவிட்டது.

பாட்டு, எம். எல். வசந்தகுமாரியின் திருப்பாவை. இராஜபாளையத்து நண்பர் வீட்டுக் கூடத்தில், பெரிய ஒலிபெருக்கிகள் இரண்டின் எதிரே அமர்ந்து அதைக் குறுந்தகட்டில் கேட்டேன். குரலின் கார்வை கூடம் முழுவதும் நிறைந்து நின்றது. "இந்தத் தகடுகளையெல்லாம் பழைய சாமான்காரனுக்குப் போட்டுடச் சொல்றான் பையன். எல்லாம்தான் போன்லே வருதாமே! நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார் நண்பர். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை ஆண்டாளின் ஊரில், மருமகன் வீட்டில் அதே பாட்டு. கைபேசியில் இணையத்தின் வழியே வந்து, அடுப்பங்கரை மேடையிலிருந்த கையகல ஒலிபெருக்கியில் ஒலித்தது. தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடுவது போலிருந்தது. "இதில் உயிரே இல்லையப்பா" என்று தீர்ப்பு வழங்கினேன்.

"அப்படிச் சொல்லிடாதீங்க, மாமா. போனோடு அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துடுவோம்" என்றான் அவன்.

போனோம். இரண்டும் ஒரே பதிப்புதானா என்று முதலில் பார்த்துக்கொண்டான். கைபேசியின் தர அமைப்பை உச்சத்தில் வைத்து, நண்பரின் கருவியிலேயே கம்பியால் இணைத்தான். இரண்டின் சத்த அளவையும் சமமாக்கினான். சற்று உரக்க ஒலிப்பதையே காது உயர்ந்ததென்று நம்பிவிடும் அல்லவா? என்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்துப் பத்து முறை மாற்றி மாற்றிப் போட்டான். ஐந்து முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் கிடைத்திருக்கும்!

காரணத்தை ஆராய்ந்தால் வியப்பில்லை. 1982-ல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து வைக்கிறது. அது விநாடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட். இணையச் சேவைகள் பலவற்றில் உயர்தரம் என்பது 320 கிலோபிட். காது கவனிக்காது என்று கணித்தவற்றை நீக்கி அனுப்புகிறார்கள். அந்தக் கணிப்பு பெரும்பாலும் பலித்துவிடுகிறது. ஒன்றையும் நீக்காமல் அனுப்பும் வழக்கமும் வந்துவிட்டது. ஆப்பிள் மியூசிக் 2021-லேயே அதைத் தொடங்கியது. மேலும் இந்தப் பாட்டு, குறுந்தகடு பிறக்குமுன்பே பதிவானது. அன்றைய பதிவு விட்டதை எந்தத் தகடும் மீட்டுத் தராது. என் வயதுக் காது உச்ச ஒலிகளை இழந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் அடுப்பங்கரையில் பாட்டைக் கெடுத்தது எது? டேட்டாவை மிச்சப்படுத்தக் குறைத்து வைத்த தரம், புளூடூத் மறுபடியும் ஒரு முறை சுருக்கியது, கையகலப் பெட்டி, குக்கரின் விசில். குற்றம் இணையத்தினுடையதன்று.

ஆனால் ஒரு குறை எனக்கு இன்னும் உண்டு. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் திருப்பாவைக்கு மெட்டமைத்தபோது, முதல் ஐந்து பாசுரங்களை நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று தியாகையரின் பஞ்சரத்ன வரிசையிலேயே நிறுத்தினார். அன்று கைபேசி அந்த வரிசையைக் கலைத்து, நாட்டை முடிந்ததும் எங்கோ பின்னாலிருந்த பாசுரத்துக்குத் தாவியது. வரிசையாகவும் கேட்கலாம்தான், அதற்கு நாம் சற்று மெனக்கெட வேண்டும். தகடோ, சும்மா விட்டாலே வரிசையாகப் பாடும்.

நண்பருக்கு என் பதிலைச் சொன்னேன்: "ஒலிக்காக மட்டும்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் போட்டுவிடலாம். ஆனால் உரிமை ஒப்பந்தம் முடிந்தால் இணையத்துப் பாட்டு ஒரு நாள் காணாமல் போகலாம். அது வாடகை வீடு; இது சொந்த வீடு."

நண்பர் தகட்டைத் துடைத்து உறையிலிட்டு, அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தார்.