ஜாவா கால்பேக்: எழுதும்போது ஃபங்ஷன், ஓடும்போது ஆப்ஜெக்ட்

ஒரு பட்டனை அழுத்தினால் என்ன செய்யணும்னு முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் கால்பேக். சி மொழியில் ஃபங்ஷனின் முகவரியைக் கொடுத்தால் போதும். ஜாவாவில் ஃபங்ஷன் தனியாக நடமாட முடியாது. அதை ஒரு கிளாஸுக்குள் வைத்து, ஆப்ஜெக்டாகத்தான் அனுப்ப வேண்டும்.

1997ல் வந்த ஜாவா 1.1, இதற்காகப் பெயரில்லாத உள் கிளாஸ்களைத் தந்தது. ஒரு வரி வேலைக்கு ஐந்து வரி உறை! மைக்ரோசாஃப்ட் தன்னுடைய ஜே++ மொழியில் வேறு வழியில் போனது. ஒரு ஆப்ஜெக்டையும் அதன் மெத்தடையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம், பெயர் டெலிகேட். சன் நிறுவனத்தின் ஜாவா குழு இதை எதிர்த்து வெள்ளை அறிக்கையே வெளியிட்டது. உள் கிளாஸே போதும், டெலிகேட் மொழியின் எளிமையைக் கெடுக்கும் என்பது அதன் சாரம்.

2014 மார்ச்சில் வந்த ஜாவா 8, லாம்டாவையும் இரட்டை முக்காற்புள்ளி (::) போட்டு எழுதும் மெத்தட் ரெஃபரன்ஸையும் சேர்த்தது. அப்போ சன் வாதம் தோத்துப்போச்சா? முழுசா இல்லை. லாம்டாவுக்குப் பின்னால் இன்றும் ஒரு இண்டர்ஃபேஸ் வேண்டும். அதற்கென்றே ஜாவா நூலகத்தின் ஃபங்ஷன் பேக்கேஜில் 43 இண்டர்ஃபேஸ்கள். மூன்று ஆர்குமெண்ட் வாங்கும் ஃபங்ஷன் வேண்டுமா? நீங்களே ஒன்று எழுதிக்கணும்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. ரன்னபிள், கம்பேரட்டர் கேட்டு முன்பே எழுதிய நூலகங்கள் எல்லாம் ஒரு வரிகூட மாறாமல் லாம்டாவை ஏற்றுக்கொண்டன. புத்திசாலித்தனமான முடிவு.

என் குறை வேறு இடத்தில். திஸ்::ஆன்கிளிக் என்று எழுதி ஒரு லிஸனரைச் சேர்க்கிறீர்கள். திரையை மூடும்போது அதே திஸ்::ஆன்கிளிக் என்று எழுதி நீக்குகிறீர்கள். பார்க்க ஒன்றுதான். ஆனால் இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட் என்று மொழி உத்தரவாதம் தரவில்லை. நடைமுறையில் அவை வேறு வேறுதான். அதனால் லிஸனர் நீங்காது, எந்தப் பிழைச் செய்தியும் வராது. மூடிய திரை மெமரியை விட்டுப் போகாமல் உட்கார்ந்திருக்கும். டெலிகேட்டை எடுத்துக்கொண்ட சி ஷார்ப்பில் இந்தச் சிக்கல் இல்லை. அதே ஆப்ஜெக்ட், அதே மெத்தட் என்றால் இரண்டு டெலிகேட்டும் சமம். நீக்கச் சொன்னால் நீக்கும்.

ஆக, ஜாவா டெலிகேட்டின் தோற்றத்தை எடுத்துக்கொண்டது, அதன் அடையாளத்தை விட்டுவிட்டது. உள் கிளாஸ் எழுதிய காலத்தில் நியூ என்ற சொல் கண்ணில் படும். புது ஆப்ஜெக்ட் பிறக்கிறது என்று தெரியும். இப்போது அந்த எச்சரிக்கையும் போச்சு. பின்னால் நீக்க வேண்டிய கால்பேக்கா? முதலில் ஒரு ஃபீல்டில் போட்டு வைத்து, சேர்க்கவும் நீக்கவும் அதையே கொடுங்கள்.