கீழே விழுந்த கேமராவை யார் எடுத்தது?

‘ஒன் கட் ஆஃப் த டெட்’ படத்தின் முதல் முப்பத்தேழு நிமிடங்களும் மோசமானவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் நண்பர்களில் பாதிப் பேர் இருபதாவது நிமிடத்திலேயே நிறுத்திவிட்டு, “என்னடா படம் இது, இதுக்கா இவ்வளவு பில்டப்பு?” என்று என்னைத் திட்டினார்கள். மீதிப் பேர் முழுசாகப் பார்த்துவிட்டு இரவு ஒரு மணிக்கு போன் செய்தார்கள். இந்தக் கட்டுரை இரண்டாவது கூட்டத்துக்கானது. படம் பார்க்காதவர்கள் இப்போதே விலகிக்கொள்ளலாம். கதையின் முடிச்சை அவிழ்க்காமல் இதைப் பற்றிப் பேச வழியே இல்லை.

ஷினிச்சிரோ உவேடாவின் இந்த ஜப்பானியப் படம் 2017இல் வந்தது. செலவு சுமார் 30 லட்சம் யென். நடிகர்கள் ஒருவரையும் வெளியுலகத்துக்குத் தெரியாது. டோக்கியோவில் நடிப்புப் பயிற்சி தரும் ஒரு பள்ளியின் பட்டறையில் பங்கெடுத்தவர்கள் அவர்கள். 2018 ஜூனில் இரண்டே திரையரங்குகளில் வெளியாகி, பிறகு நாடு முழுக்கப் பரவி, 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. போட்டதைப் போல ஆயிரம் மடங்கு. எல்லாரும் இந்தக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். எனக்குப் பேசவேண்டியது வேறொன்று.

முதல் பகுதியில் என்ன நடக்கிறது? கைவிடப்பட்ட ஒரு நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஸோம்பி படம் எடுக்கிறார்கள், அங்கே நிஜ ஸோம்பிகள் வந்துவிடுகின்றன. எல்லாம் ஒரே ஷாட். ஆனால் எங்கேயோ இடிக்கிறது. திடீரென்று மூன்று பேர் உட்கார்ந்து பொழுதுபோக்கு பற்றி அசட்டுத்தனமாகப் பேசுகிறார்கள். ஒலிப்பதிவாளர் காரணமே இல்லாமல் வெளியே ஓடுகிறார். லென்ஸில் ரத்தம் தெறிக்கிறது, அதைத் துடைக்கிறார்கள். கேமரா தரையில் விழுந்து, விழுந்தபடியே கிடக்கிறது. அப்புறம் யாரோ தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அதன்பின் தேவையே இல்லாத இடத்தில் சடசடவென்று ஜூம். நாம் என்ன நினைக்கிறோம்? பட்ஜெட் இல்லை, திறமையும் இல்லை, பாவம்.

அப்புறம் படம் ஒரு மாதம் பின்னால் போகிறது. ‘வேகமா, மலிவா, சுமாரா’ என்பதையே தொழில் தர்மமாக வைத்திருக்கும் ஹிகுராஷி என்ற இயக்குநர் (தகாயுகி ஹமாட்சு) வருகிறார். ஒரு தொலைக்காட்சிக்காக, வெட்டே இல்லாமல், நேரலையில் ஸோம்பி படம் எடுக்கவேண்டும். மறுக்கத் தெரியாத மனுஷன், ஒத்துக்கொள்கிறார். கடைசிப் பகுதியில் நாம் பார்த்த அதே முப்பத்தேழு நிமிடங்களைக் கேமராவுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறோம். ஒலிப்பதிவாளராக நடித்தவருக்கு வயிற்றுப்போக்கு. இன்னொரு நடிகர் முழு போதையில் சரிந்து கிடக்கிறார், அவரைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்து நடிக்க வைக்கிறார்கள். ஒளிப்பதிவாளருக்கு முதுகு பிடித்துக்கொள்ள, இத்தனை நாளும் ஒரு வாய்ப்பு கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்த உதவியாளர் கேமராவை எடுத்துக்கொள்கிறார். அந்த ஜூம் அவருடைய ஆசை!

நான் சிரித்துக்கொண்டே இருந்தேன், ஒரு கட்டத்தில் தொண்டை அடைத்தது. ஏன் என்று பிறகு யோசித்தேன். நாம் ‘தப்பு’ என்று கணக்கெழுதிய ஒவ்வொன்றுக்கும் இந்தப் படம் ஒரு ஆளைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்துகிறது. இது இவரால், அது அவரால் என்கிறது. குற்றம் சாட்டுவதற்காக அல்ல, நன்றி சொல்வதற்காக. ஒரு சினிமாவில் இவ்வளவு நீளமான நன்றி கார்டை நான் பார்த்ததில்லை.

ஒரு குறும்படத்துக்கு மூன்று இரவுகள் பூம் மைக் பிடித்திருக்கிறேன். காசு கிடையாது, டீயும் பன்னும்தான். கடைசியில் என் பெயர் தப்பாக வந்திருந்தது. அதை விடுங்கள். அந்தப் படம் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் “எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்திருக்காங்க” என்றார்கள். அந்தக் கஷ்டம் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. சின்னப் படங்களைப் பற்றிய பேச்சில் இருக்கும் பெரிய ஏமாற்று இதுதான். எல்லாருடைய கஷ்டமும் சேர்ந்து கடைசியில் இயக்குநரின் வீரக்கதையாகிவிடுகிறது.

இந்தப் படம் அந்தப் பொறியில் விழவில்லை. ஹிகுராஷி மேதை இல்லை. அவர் முடிவுக் காட்சியை உயரத்திலிருந்து எடுக்க ஆசைப்படுகிறார், கிரேன் உடைந்துபோகிறது. விட்டுடலாம், யாருக்குத் தெரியப்போகுது என்கிறார்கள். வழக்கம்போல அவரும் பணிந்துபோகிறார். அவருடைய ஸ்கிரிப்டுக்குள், சின்ன வயதில் தன்னைத் தோளில் தூக்கிவைத்திருக்கும் புகைப்படம் ஒட்டியிருப்பதைப் பார்க்கும் மகள்தான் விடமாட்டேன் என்கிறாள். நடிகர்களும் தொழில்நுட்பக் குழுவும் ஒருவர் மேல் ஒருவராக ஏறி மனிதக் கோபுரமாகிறார்கள். உச்சியில் அப்பாவின் தோளில் மகள், அவள் கையில் கேமரா. முதல் முறை பார்த்தபோது கொஞ்சம் ஆடிய ஒரு சாதாரண ஷாட். இப்போது அந்த ஆட்டம் யார் யாருடைய முதுகுத்தண்டின் நடுக்கம் என்று நமக்குத் தெரியும்.

ஆனால் படத்துக்கு வெளியே கதை இவ்வளவு இனிமையாக இல்லை. ரியோய்ச்சி வாதா என்பவரின் மேடை நாடகம் ஒன்றைப் பார்த்த உந்துதலில்தான் இந்தப் படம் உருவானது. வசூல் குவிந்த 2018இல், தனக்கு உரிய அங்கீகாரம் தரப்படவில்லை என்று வாதா வெளிப்படையாகச் சொன்னார். சர்ச்சை வெடித்தது. அடுத்த ஆண்டு சமரசமாகி, மூலக்கதைக்கு இருவர் பெயரும் சேர்ந்து இடம்பெற்றது. கூட்டு உழைப்பைக் கொண்டாடிய படத்துக்கே, யார் பெயர் எங்கே வரவேண்டும் என்பதில் சிக்கல். இதை வைத்து படத்தைத் தூக்கி எறிய எனக்கு மனமில்லை, கண்டுகொள்ளாமல் கடக்கவும் முடியவில்லை. கீழே கிடந்த கேமராவை யார் எடுத்தது என்று அவ்வளவு அழகாகக் காட்டிய படம், அந்தக் கேமராவை முதலில் அங்கே கொண்டுவந்து வைத்தது யார் என்பதற்கும் பதில் சொல்லியாகவேண்டும். அதைச் சொல்லத் தாமதமானது.

2022இல் மிஷேல் அசனவிசியஸ் இதைப் பிரெஞ்சில் மறுபடி எடுத்தார். தெரிந்த நடிகர்கள், பல மடங்கு செலவு, அதே தவறுகள் அதே இடங்களில். பார்க்கலாம், சிரிக்கலாம். ஆனால் அங்கே கேமரா விழும்போது எனக்குப் பதற்றமே வரவில்லை. உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்வார்கள் என்று தெரிந்துவிடுகிறது. உவேடாவின் படத்தில் மூச்சு விடமுடியாமல் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம், திரைக்கு உள்ளேயும் வெளியேயும் அவர்களிடம் மாற்று இல்லை என்பதுதான்.

ஜப்பானியப் படத்தைப் பார்ப்பவர்கள் தயவுசெய்து எண்ட் கிரெடிட்ஸில் எழுந்து போய்விடாதீர்கள். அங்கே மூன்றாவதாக ஒரு கேமரா இருக்கிறது, நிஜமான கேமரா. கதையில் வரும் குழுவையும் சேர்த்துப் படம்பிடித்த நிஜக் குழு வியர்க்க விறுவிறுக்க ஓடுகிறது. பக்கத்தில் பெயர்கள் மேலே ஏறிக்கொண்டிருக்கும். இந்த ஒரு தடவையாவது அவற்றை வாசித்துவிடுங்கள்.