போர்ச்சொல்லும் வினை தெரிந்த வாயும்

கலைச்சொல்லாக்கம் பற்றி எங்கே கூட்டம் கூடினாலும் இப்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் எழுகிறது. புறத்திணைக்கு இலக்கணம் வகுத்த மொழிக்குப் போர்ச்சொல் கடன் வாங்கும் தேவை என்ன? எயிலும் ஞாயிலும் அகழியும் தூசிப்படையும் இருக்கும்போது பிறர் சொல் எதற்கு? துப்பாக்கிக்குத் துமுக்கி, டாங்கிக்குத் தகரி என்று பட்டியல்கள் கைபேசிக்குக் கைபேசி சுற்றுகின்றன. அவற்றைத் தொகுப்பவர்களின் மொழிப்பற்றை மதிக்கிறேன். வாதம் தவறு. முந்நூறு ஆண்டுகளாகப் படைக்கலச் சொற்கள் தமிழுக்குள் எந்த வழியாக வந்தன என்று பார்த்தவர் அப்படிப் பேசமாட்டார். அந்த வழியில் ஒரு கிளை எங்கள் குமரி மாவட்டத்தின் ஊடாகப் போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தக்கலைக்குப் பக்கத்தில், புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் இடிந்த சிற்றாலயம் ஒன்றில் டி லனாயின் கல்லறை இருக்கிறது. பிரான்சின் அராஸ் நகரில் 1715இல் பிறந்தவர். டச்சுக் கும்பினியின் கொடியோடு கப்பலேறியவர். 1741இல் குளச்சல் போரில் தோற்றுத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் கையில் அகப்பட்டவர். 1777இல் இறந்தபோது அதே திருவிதாங்கூர் படையின் தலைவர். கல்லறையில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. ஊரார் அவரை அழைத்த பெயர் வலிய கப்பித்தான்.

இந்தப் பெயரில் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘வலிய’ இந்த மண்ணின் சொல், பெரிய என்று பொருள். ‘கப்பித்தான்’ துறைமுகங்களின் சொல், போர்ச்சுக்கீசியர் காலம் முதல் மேற்குக் கடற்கரையில் புழங்கியது. படைத்தலைவனைக் குறிக்க அன்றைய திருவிதாங்கூரில் சொல் இல்லாமல் இல்லை. தளவாய் என்ற சொல் இருந்தது. இராமய்யன் தளவாய் அந்தப் பதவியில் உயிரோடு இருந்தார். ஆனால் தளவாய் என்றால் அரசின் முதன்மை அதிகாரி, மந்திரி, படைக்கும் தலைவர். அணிவகுப்புப் பயிற்சி கொடுத்து, பீரங்கி வார்க்கச் செய்து, கோட்டைச் சுவரின் கோணத்தை அளந்து நிர்ணயிக்கும் அதிகாரி வேறு ஆள், வேறு வேலை. அந்த வேறுபாட்டைக் காதால் உணர்ந்த மக்கள், பழைய சொல்லைப் புதிய ஆளின் மேல் போர்த்தவில்லை. வந்த பெயரை வைத்துக்கொண்டு முன்னால் தங்கள் அடையைச் சேர்த்தார்கள். இதைவிடத் துல்லியமான மொழிபெயர்ப்பை எந்தக் குழுவும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதே ஆண்டுகளில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். 1736இல் தொடங்கியது. முசே, கும்பினி, சொல்தாது என்று பிரெஞ்சுக்காரரின் சொல்லையெல்லாம் தமிழ் வாக்கியத்துக்குள் அமர்த்தித் தமிழ் வேற்றுமை உருபுகளை ஒட்டினார். துபாஷியான அவருக்குத் தொழிலே இரு மொழிக்கு நடுவில் நிற்பது. இருந்தும், படைவீரன் என்று எழுதத் தெரிந்த அவர் வெள்ளைக்காரப் படையாளைச் சொல்தாது என்று எழுதியதற்குக் காரணம் இருந்தது: சிப்பாய் வேறு, சொல்தாது வேறு; சம்பளம் வேறு, கட்டளை வேறு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவரைச் சொல்தா என்று புதுச்சேரியில் இன்றும் சொல்கிறார்கள். பிள்ளையின் குறிப்பை 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். வரலாற்று ஆசிரியர்கள் அதை வைத்துப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவை ஆராய்ந்தார்கள். தமிழ்க் கலைச்சொல்லாளர்கள் பிள்ளையை வைத்துத் தமிழை ஆராயவில்லை. எனக்கு நெடுநாள் வருத்தம் இது.

பீரங்கி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பிராங்குகள் என்ற பழைய இனத்தின் பெயரிலிருந்து பிரான்ஸ் வந்தது. அதே பெயர் பாரசீகத்தில் பிரங்கியாகி, தமிழில் பறங்கியும் ஆயிற்று, பீரங்கியும் ஆயிற்று. துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்தது. சிப்பாய் பாரசீகம். பட்டாளம் ஐரோப்பியம். தூய்மைவாதி இந்த இடத்தில் கையை உதறிவிடுவார்: பார்த்தீர்களா, ஒன்றுகூட நம்முடையது இல்லையே என்பார்.

அவர் பெயர்ச்சொற்களை மட்டும் எண்ணுகிறார். வினையைப் பார்க்கட்டும். துப்பாக்கி சுடுகிறோம், மருந்து கெட்டிக்கிறோம், திரி கொளுத்துகிறோம், குறி வைக்கிறோம், பட்டாளத்தில் சேர்கிறோம், ரோந்து சுற்றுகிறோம். ஒரு வினைகூடக் கப்பலில் வரவில்லை. நாஞ்சில் நாட்டுக் கோயில் திருவிழாவில் கதினா வெடி போடுகிறவரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு சாண் உயர இரும்புக் குழாய். அடியில் ஊசித் துளை. மருந்தைக் கொட்டி, மேலே செங்கல் பொடி போட்டு, கம்பியால் இடித்து இடித்துக் கெட்டிப்பார். துளை வாயில் சிட்டிகை மருந்து தூவி, நீளக் கழியின் நுனியில் நெருப்பு வைத்து எட்டி நின்று கொளுத்துவார். பதினெட்டாம் நூற்றாண்டுப் பீரங்கிக்காரன் செய்ததும் இதுதான். கொட்டு, இடி, கெட்டி, தூவு, கொளுத்து. உதயகிரிக்குள் நடந்த பீரங்கிப் பட்டறைக்கும் வார்த்தல், கடைதல் என்ற வினைகள் வெளியிலிருந்து வர வேண்டியிருக்கவில்லை. விளக்கும் மணியும் வார்த்த கைகளுக்கு அவை பழக்கம். பொருள் தன் பெயரோடு வரும்; அதைக் கையாளுகிறவன் தன் வினையைக் கொடுப்பான். பெயர் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் வினை நம்முடையதாக இருக்கும்வரை அந்தத் தொழில் தமிழில்தான் நடக்கிறது.

பிறகு வந்த குழுக்களின் காலம் இதைக் காணவில்லை. மானிப்பாயில் மருத்துவர் கிறீன் காணத் தவறவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர் மாணவர்களுக்கு உடலைக் கீறிக் காட்டிக்கொண்டே மருத்துவத்தைத் தமிழாக்கினார். சொல்லைச் செய்த இடத்திலேயே பொருளும் இருந்தது. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பய்யரும் தொடங்கிய பரிபாஷைச் சங்கம், 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட கலைச்சொற்கள், 1940இல் சீனிவாச சாஸ்திரி தலைமையில் அரசு அமைத்த குழு, அதற்கு எழுந்த எதிர்ப்பு: வாசகர்கள் அறிந்த கதை. அந்த எதிர்ப்பு நியாயமானது. வடமொழிக் குவியலைப் பள்ளிப் பிள்ளையின் தலையில் ஏற்றப் பார்த்தார்கள். தடுத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் இரு தரப்பும் சொல்லின் வேரைப் பற்றி மட்டும் சண்டையிட்டன. யார் வாயில் அது புழங்கும் என்று கேட்டவர்கள் குறைவு. இரு தரப்புப் பட்டியல்களிலும் பெயர்ச்சொல் வரிசை வரிசையாக நின்றது. வினை அருகிக் கிடந்தது. ஆயிரம் பெயர்ச்சொல்லைக் கொடுத்துவிட்டு ஒரு பட்டறையையும் தமிழில் இயங்க வைக்காத வறண்ட வேலை அது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இவர்களுக்கு நல்ல முன்மாதிரியாக இருந்திருக்கும். 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகள். நாஞ்சில் நாட்டு வழக்குக்கென்று ‘நாஞ்.’ என்ற தனிக் குறியீட்டையே அது வைத்துக்கொண்டது. ஒரு வட்டாரத்தின் வாய்ச்சொல்லுக்கு அகராதியில் இடம் உண்டு என்று ஏற்ற பதிப்பாளர்களின் பெருந்தன்மை அது. குழுக்கள் அந்தப் பாதையில் நடக்கவில்லை.

நடந்தவர்கள் பத்திரிகை அலுவலகத்துத் துணையாசிரியர்கள். இரண்டாம் உலகப்போரின் தந்திச் செய்திகள் இரவோடு இரவாகத் தமிழாகிக் காலையில் டீக்கடைக்குப் போய்ச் சேர வேண்டும். குழு கூட்ட நேரமில்லை. நேச நாடுகள், அச்சு நாடுகள், குண்டுவீச்சு, இருட்டடிப்பு என்ற சொற்கள் அந்த அவசரத்தில் நிலைத்தவை. இருட்டடிப்பு இன்று செய்தியை மறைப்பதற்கும் பெயராகிவிட்டது. உயிருள்ள சொல்தான் இப்படிப் பொருள் மாறும். அந்தத் தலைமுறையின் முன்னோடி டி. எஸ். சொக்கலிங்கம். தென்காசிக்காரர், தினமணியின் முதல் ஆசிரியர். பின்னாளில் டால்ஸ்டாயின் பெருநாவலைப் ‘போரும் வாழ்வும்’ என்று தமிழாக்கினார். நெப்போலியனின் பிரெஞ்சுப் பட்டாளம் அணி அணியாக வரும் அந்த நாவலைத் தமிழில் கொண்டுவரத் தகுதியானவர், போர்ச் செய்தியோடு நாள்தோறும் மல்லுக்கட்டிய பத்திரிகைக்காரரே. அவரைச் சுதந்திரப் போராட்ட வீரராக நினைவுகூர்கிறோம். போர்த்தமிழை உருவாக்கியவர்களில் ஒருவராக எவரும் ஆராயவில்லை.

தமிழில் போர்ச்சொல் உண்மையாகவே பெருகியது ஈழத்தில். இதை எழுதக் கை கனக்கிறது. எறிகணை, உந்துகணை, மிதிவெடி, பதுங்குகுழி, காப்பரண், முன்னரங்கு, ஊடறுப்பு, முறியடிப்பு: விடுதலைப் புலிகளின் படை தன் ஆணைகளையும் அறிக்கைகளையும் தமிழிலேயே எழுதியபோது பிறந்தும் பரவியும் நின்றவை. கடைகளுக்கும் பிள்ளைகளுக்கும் தூய தமிழ்ப்பெயர் வைக்கச் சொன்ன அந்த இயக்கமே தன் பதவிப் பெயர்களை லெப்டினன்ட், கப்டன், மேஜர், கேணல் என்றே வைத்துக்கொண்டது என்பதைத் தகரிக்காரர்கள் கவனிக்க வேண்டும். மக்களின் வாயிலோ வேறொரு நுட்பம் இருந்தது. தொலைவில் ‘ஷெல் குத்துது’ என்றால் எறிகணை புறப்படும் சத்தம்; விழுவதற்கு இன்னும் சில நொடி உண்டு. ‘பொம்மர் பதியுது’ என்றால் விமானம் குண்டு போடத் தாழ்கிறது. இனி ஓட நேரமில்லை. குத்துவதும் பதிவதும் உரலடியிலும் வயலிலும் கிடந்த வினைகள். அவற்றின் வேறுபாட்டை அறிந்த குழந்தை பிழைத்தது. ஷெல்லும் பொம்மரும் ஆங்கிலம் என்று அந்தத் தாய்மாரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆங்கிலத்தைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரரோடு நூற்றாண்டுக் கணக்கில் போரிட்ட இனம், கேப்டன் முதல் பட்டாலியன், ஆர்ட்டிலரி, கிரெனேடு வரை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. லெப்டினன்ட் என்றால் பிரெஞ்சில் ‘இடம் தாங்குபவர்’. ஆங்கிலேயர் அதை மொழிபெயர்க்கவில்லை, தங்கள் போக்கில் உச்சரித்துக்கொண்டார்கள். முதல் உலகப்போரில்கூடக் கமாஃபிளாஜ் என்ற சொல்லைப் பிரெஞ்சுப் பட்டாளத்திடமிருந்து அப்படியே வாங்கினார்கள்.

பிரெஞ்சு நம் பக்கம் இன்னொரு முறையும் வந்தது. 1974இல் இஸ்ரோவும் பிரான்சின் எஸ்.இ.பி. நிறுவனமும் ஒப்பந்தம் செய்தன. நம் பொறியாளர்கள் 100 மனித ஆண்டு உழைப்பைக் கொடுக்க, வைக்கிங் எஞ்சினின் நுட்பம் நமக்கு வந்தது. வெர்னோன் ஊரில் பிரெஞ்சுக்காரரோடு வேலை செய்த குழுவை நடத்தியவர் நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன். வைக்கிங் விகாஸ் ஆயிற்று, பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தை அதுதான் தள்ளுகிறது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும்போது காவல்கிணற்றுப் பக்கம் தெரிகிற மகேந்திரகிரியில் அதன் சோதனைக் களம். வெர்னோனின் பிரெஞ்சு ஆங்கிலமாகி இந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்கு அடுத்த ஒரு படி தமிழுக்குள் எடுத்துவைக்கப்படவில்லை. பிரெஞ்சுக்காரனின் சொல்லைக் கையால் தொட்டுப் பொருள் கண்ட தமிழர்கள் இருந்தும், நம் கலைச்சொல் விவாதம் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

மெட்ராஸ் ரெஜிமென்டின் போர்முழக்கம் ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’. அதன் 9ஆவது பட்டாலியன், திருவிதாங்கூர் நாயர் படையின் வழியில் வந்தது. அணிவகுப்பின் கட்டளைகள் இந்தியில் போகட்டும். உயிரைக் கொடுக்கும் கணத்தில் வாயில் வருவது இந்த இரண்டு வினைகள்.

நாகர்கோவிலின் தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆகியவற்றின் தமிழ்த்துறைகளுக்கு என் வேண்டுகோள்: அடுத்த கலைச்சொல் பட்டியலைச் சங்க இலக்கியச் சொல்லடைவிலிருந்து தொடங்காதீர்கள். மகேந்திரகிரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தொழில்நுட்பரிடம் போங்கள். குளச்சலில் விசைப்படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கும் மெக்கானிக்கிடம் போங்கள். கடைசல் பட்டறைக்குப் போங்கள். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். பொருளின் பெயரைக் கேட்க வேண்டாம். அதை வைத்து என்ன செய்தார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் வினையை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். அவர்களில் பலருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.